‘இரோனியஸ்’ என்றால் பொய் என்று அர்த்தமா?

கேள்வி: வருமான வரிக் கணக்கில் 24,000 ரூபாய் எல்ஐசி பிரீமியத்தைக் கவனக்குறைவாக இரண்டு தடவை கழித்துவிட்டேன். வந்த கடிதத்தில் ‘இரோனியஸ் கிளெய்ம்’ என்று இருக்கிறது. பொய் சொன்னேன் என்கிறார்களா? பதிலில் நானும் அதே சொல்லை எழுதலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: அப்படிச் சொல்லவில்லை, கலங்க வேண்டாம். கணக்கில் காட்டியது பிழை என்பதோடு அந்தச் சொல் நின்றுவிடும். தெரிந்து செய்தீர்களா, தெரியாமல் செய்தீர்களா என்ற பேச்சுக்கே அது போகாது. அலைதல், வழி தவறுதல் என்று பொருள்படும் ‘எர்ராரே’ என்ற லத்தீன் வினைதான் அதன் வேர்; ‘எரர்’ பிறந்ததும் அதிலிருந்துதான். கால் தவறியது, குறி தவறியது என்கிறோமே, நம் ‘தவறு’ம் இதே குடும்பக் குணம் கொண்டதுதான். தமிழில் ‘பிழையான’ என்று எழுதினால் கச்சிதமாகப் பொருந்தும்.

‘ஃபால்ஸ்’ அப்படியல்ல. பள்ளி வினாத்தாளில் அது வெறும் ‘தவறு’. ‘கிளெய்ம்’, ‘ஸ்டேட்மென்ட்’ என்ற சொற்களுக்கு முன்னால் வந்தாலோ பொய் வாடை அடிக்கும். பணிவு என்று நினைத்துச் சிலர் பதிலில் ‘ஃபால்ஸ் கிளெய்ம்’ என்று தாங்களே எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 270ஏ பிரிவில் வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் அபராதம் அதற்குரிய வரியில் 50 சதவீதம். உண்மையை மறைத்தோ திரித்தோ அப்படிக் காட்டியிருந்தால் 200 சதவீதம். சொல்லை மட்டும் வைத்து அதிகாரி முடிவெடுக்க மாட்டார்தான். ஆனாலும் செய்யாத குற்றத்தை உங்கள் கையாலேயே ஏன் எழுதித் தர வேண்டும்?

‘த பிரீமியம் வாஸ் இரோனியஸ்லி கிளெய்ம்ட் ட்வைஸ்’ என்று ஒரு வரி போதும். அதன் கீழே பாலிசி எண், கழித்த தொகை 48,000, கழித்திருக்க வேண்டியது 24,000, இரட்டிப்பு எப்படி நேர்ந்தது என்ற காரணம் ஆகியவற்றை எழுதி, ரசீது நகலை இணையுங்கள். காரணம் சொல்லாமல் ‘இரோனியஸ்’ என்று மட்டும் எழுதினால் பதில் பாதியில் நிற்கும்.

வரித்துறையின் உத்தரவையும் இதே சொல்லால் சுட்டுவதுண்டு. அச்சட்டத்தின் 263-ம் பிரிவில் ஓர் உத்தரவைத் திருத்த அது ‘இரோனியஸ்’ ஆக இருந்தால் மட்டும் போதாது, அரசு வருவாய்க்குப் பாதகமாகவும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று மலபார் இண்டஸ்ட்ரியல் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-ல் சொன்னது.

ஆளைக் குறிக்க இந்தச் சொல் வராது. ‘ஐ வாஸ் இரோனியஸ்’ பிழை. ‘ஐ வாஸ் மிஸ்டேக்கன்’ என்பதே சரி. ‘இரோனியஸ் மிஸ்டேக்’ என்பதும் கூடாது, பிழையான பிழை என்றாகிவிடும். ஆங்கிலத்தில் (erroneous) எழுதும்போது இரண்டு ‘ஆர்’ போடுங்கள். ‘என்’னுக்குப் பின் வரும் ‘இ’யைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். உச்சரிப்பில் அழுத்தம் ‘ரோ’வில்.