பதில் எழுத இடமில்லாத விவாதம்

பினாங்கு பாயான் லெப்பாசில் மென்பொருள் எழுதும் அக்கா ஒருவரிடம், தைவானின் முன்னாள் இலக்கவியல் அமைச்சர் ஆட்ரி டாங் பற்றி நம்மவர்கள் கேட்டவை.

அக்கா, அமைச்சராகும் முன் இவர் என்ன செய்தார்? (மாணவி, பட்டர்வொர்த்)

நிரல் எழுதினார். 1981இல் பிறந்தவர், 14 வயதில் பள்ளியை விட்டவர். (இதை உன் அம்மாவிடம் காட்டாதே.) பெர்ல் என்ற கணினி மொழியில் எழுதும் நிரலாளர்களிடையே நல்ல பெயர். 2014 மார்ச்சில் மாணவர்கள் தைவான் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து, சீனாவுடனான வர்த்தக ஒப்பந்தத்தை எதிர்த்து மூன்று வாரத்துக்கு மேல் உட்கார்ந்தார்கள். உள்ளே நடப்பதை வெளியே நேரலையாகக் காட்ட உதவியவர்களில் இவரும் ஒருவர். 2016இல் அதே நாட்டுக்கு அமைச்சர். 2022இல் இலக்கவியல் அமைச்சு தொடங்கியபோது அதன் முதல் அமைச்சரும் இவர்தான்.

தைவானில் டாக்சிக்காரர்களுக்கும் ஊபர் ஓட்டுநர்களுக்கும் இருந்த பிரச்சினையைக் கணினியை வைத்துத் தீர்த்தார்களாமே, நிஜமா? (கிராப் ஓட்டுநர், ஜெலுத்தோங்)

கணினி தீர்க்கவில்லை அண்ணே, சண்டையைக் குறைத்தது. 2015இல் போலிஸ் என்ற மென்பொருளில் டாக்சிக்காரர், ஊபர் ஓட்டுநர், பயணி எல்லாரையும் பேச விட்டார்கள். பேர்தான் போலிஸ், காவல்துறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. யாரும் ஒரு வரிக் கருத்து எழுதலாம். மற்றவர்கள் 'சரி', 'இல்லை', 'தெரியவில்லை' என்று அமுக்கலாம். அவ்வளவுதான், பதில் எழுத இடமே கிடையாது. திட்ட வழியில்லாததால் திட்டுகிறவர் அலுத்துப்போய்விடுவார். ஒரே மாதிரி வாக்களித்தவர்களை மென்பொருள் கூட்டம் கூட்டமாகப் பிரித்துக் காட்டும். பிறகு எல்லாக் கூட்டமும் 'சரி' சொன்ன கருத்து எது என்று தேடும். காப்புறுதி வேண்டும், முறையான உரிமம் வேண்டும் என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போனது அப்படித்தான் தெரிந்தது. விதிகளும் அந்தப் பக்கமாகவே போயின.

கோவிட் காலத்தில்?

2020 பிப்ரவரியில் எந்த மருந்தகத்தில் எத்தனை முகக்கவசம் மிச்சம் என்ற தரவை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று அரசு திறந்துவிட்டது. தன்னார்வ நிரலாளர்கள் வரைபடம் போட்டார்கள். அமைச்சர் செய்த பெரிய வேலை, கதவைத் திறந்து வைத்தது.

நம் நகராண்மைக் கழகத்துக்கு இது சரிப்படுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆயர் ஈத்தாம்)

மென்பொருள் இலவசம்தான் சார், நாளைக்கே போடலாம். ஆனால் தைவானில் அரசின் மனுத் தளத்தில் 60 நாளில் 5,000 பேர் கையெழுத்திட்டால், அந்தத் துறை பதில் சொல்லியே ஆக வேண்டும். 2017இல் வரி கட்டும் மென்பொருள் படுமோசம் என்று ஒருவர் திட்டி எழுதினார். அவரையே கூப்பிட்டு உட்கார வைத்துத் திருத்தி அமைத்தார்கள். இங்கே நகராண்மைக் கழகங்களுக்கான தேர்தல் 1965இல் நின்றது, உறுப்பினர்கள் இன்றுவரை நியமனம்தான். வாக்கு கேட்டு வராதவருக்கு நம் 5,000 கையெழுத்தால் என்ன பயம்?

அப்படியானால் விட்டுவிடலாமா? எங்கள் பிளாட்டில் கார் நிறுத்தும் இடத்துக்கே அடிதடி.

ஐயோ, விடாதீர்கள். உங்கள் பிளாட்டில் கார் நிறுத்தும் இடத்துக்கு அடிதடி என்றீர்களே, முதலில் அங்கே போட்டுப் பாருங்கள். அந்த நிர்வாகக் குழுவுக்காவது நீங்கள்தானே சார் கை தூக்குகிறீர்கள்.