சின்ன வயதில் உயிராக இருந்த காமிக்ஸை நாற்பதுக்கு மேல் திரும்பப் படித்தால் ஏமாற்றமாக இருக்குமா?

கேட்டவர் அநேகமாக ஒரு மறுபதிப்பை வாங்கி வைத்துக்கொண்டு, திறக்கப் பயந்துபோய் இருக்கிறார் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன். சென்னைக்கு வைத்தியத்துக்குப் போன உறவினர் ஒருவர் 2019இல் வாங்கி வந்து தந்த புத்தகம் மூன்று வருடம் அலுமாரியில் கிடந்தது.

என்னுடையது இரும்புக்கை மாயாவி. 1970களின் தொடக்கத்தில் சிவகாசி முத்து காமிக்ஸ் தமிழுக்குக் கொண்டுவந்த கதை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். லூயி கிராண்டேல் ஒரு ஆய்வுகூட உதவியாளர், வலது கை போய் இரும்புக் கை பொருத்திக்கொண்டவர். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார். அந்த இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். கொஞ்ச நேரத்தில் உருவம் திரும்பிவிடும். மறுபடி மறைய வேண்டுமென்றால் மறுபடி கரண்டில் கை வைக்க வேண்டும்.

அப்போது எங்கள் ஊரில் கரண்ட் இல்லை. இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை. குப்பி விளக்கில்தான் படிப்பு, சாப்பாடு, மாயாவி எல்லாம். "இவர் நம்மட ஊருக்கு வந்தா மறையவே ஏலாது, வந்த உடனே பிடிபட்டுருவார்" என்று சின்ன மாமா சொல்லிச் சிரிப்பார். புத்தகங்கள் அவருடையவை. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டு இந்தியப் புத்தகங்கள் தாராளமாக வந்த காலம் அது. மண்டூரில் பாதை ஏறி, குருமண்வெளியில் இறங்கி, களுவாஞ்சிகுடியில் பஸ் பிடித்து டவுனுக்குப் போய் வாங்கி வருவார். (பாதை என்றால் வாவியைக் கடக்கிற தட்டைப் படகு. சைக்கிள், மாடு, கலியாண வீட்டுச் சாமான் எல்லாம் ஏறும்.) ஒவ்வொரு புத்தகத்திலும் முதல் பக்கத்தில் கையெழுத்தும் ஒரு நம்பரும் போட்டு றங்குப்பெட்டியில் அடுக்குவார். கை கழுவிவிட்டு வந்தால்தான் தொட விடுவார்.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியது. ஆகஸ்டில் ஒரு காலை மாமா சைக்கிளில் வெளியே போனார். வரவில்லை. எனக்கு அப்போது பத்து வயது.

இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். காமிக்ஸ் கேள்விக்குள் அரசியலை இழுக்கிறான் என்று யாராவது வருவீர்கள். யார் கொண்டுபோனார்கள் என்று நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை, கவனித்துக்கொள்ளுங்கள். காமிக்ஸைப் பற்றித்தான் சொல்கிறேன்.

வீட்டில் பெரியவர்கள் "ஆளைக் காணல்ல, ஆளைக் காணல்ல" என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. மாமா எங்கேயோ கரண்டில் கை வைத்திருக்கிறார். இரும்புக் கை அவருக்கு இல்லை, ஆனால் வெள்ளிச் சங்கிலி போட்ட வாட்ச் இருந்தது. அது மட்டும் தெரியும். நான் வாவிக் கரையிலும் வேலி ஓரத்திலும் வாட்ச் தேடினேன். அம்மம்மாவிடமும் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் ஏசவில்லை. "சரி மனே, கண்டா ஓடி வந்து சொல்லு" என்றார். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல், பொழுது படும்போது என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்: "இண்டைக்குக் கண்டியா?"

பிறகு இடம்பெயர்ந்தோம். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, றங்குப்பெட்டியும் இல்லை.

சரி, திரும்பப் படித்த கதைக்கு வருகிறேன். 2022இல் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போதுதான். இப்போது எங்களுக்குக் கரண்ட் உண்டு. வந்து சில வருடம்தான் அனுபவித்தோம், அதையும் வெட்டினார்கள். போனில் சார்ஜ் தீர்ந்து மகன் என் உயிரை எடுத்தான். புத்தகத்தை எடுத்துக் குப்பி விளக்கைக் கொளுத்தினேன்.

முதலில் பிடிபட்டது கதையின் ஓட்டம். இது 1962இல் இலண்டனில் ஒரு வார இதழில் தொடராக வந்தது. அதனால் இரண்டு மூன்று பக்கத்துக்கு ஒருமுறை ஆள் ஏதாவது ஆபத்தில் மாட்டுகிறார். அடுத்த வாரத்துக்கு இழுக்கிறார்கள். சின்ன வயதில் மூச்சுப் பிடித்துப் படித்ததன் இரகசியம் இவ்வளவுதானா என்று கொஞ்சம் கோபம் வந்தது. ஆனால் ஜீசஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியக்காரர் வரைந்த அந்தக் கறுப்பு மை நிழல்கள்! விளக்கு வெளிச்சத்தில் அப்போதைவிட இப்போது நன்றாக இருந்தது. இரண்டாவது, மாயாவி தொடக்கத்தில் நல்லவரே இல்லை. மறைய முடிந்ததும் புத்தி பேதலித்துக் கொள்ளையடிக்கத்தான் போகிறார். பிறகுதான் நிழற்படை என்ற இரகசிய அமைப்பின் உளவாளி. எனக்கு அந்தக் கெட்ட பகுதி ஞாபகத்தில் இருக்கவே இல்லை. மாமா கதை சொல்லும்போது அதைத் தாண்டிப் போயிருப்பாரோ தெரியாது. தீவிர ரசிகர்கள் கோபிக்க வேண்டாம், நான் புத்தகம் சேர்க்கிறவன் இல்லை.

மகன் கேட்டான், "கரண்ட் கட் எண்டா இவர் என்ன செய்வார் அப்பா?" மாமாவின் பகிடியைச் சொன்னேன். சிரித்தான். அடுத்த பக்கத்தில் இருட்டுக்குள் கை மட்டும் தனியாக நின்றது. "கையும் மறைஞ்சா ஒருத்தரும் கண்டுபிடிக்க ஏலாதே, ஏன் கையை மட்டும் விட்டவங்க?" என்றான். விளக்குப் புகையில் கண் எரிகிறது என்று புத்தகத்தை மூடிவிட்டேன். அம்மம்மா இருந்தவரை, காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்க ஒவ்வொரு ஆணைக்குழு வரும்போதும் படிவம் நிரப்பிக் கொடுத்தது நான்தான். அடையாளம் என்ற இடத்தில் வாட்ச்சை எழுதினாயா என்று இரண்டு தரம் கேட்பார்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். இப்படி ஏதாவது எழுதினால் தமிழ்நாட்டு நண்பர்கள் உடனே "நீங்க யாழ்ப்பாணமா?" என்று கேட்கிறீர்கள். சினிமாவிலும் இலங்கைத் தமிழ் என்றால் ஒரே இழுவைதான். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் எங்களுக்கென்று ஒரு பேச்சு இருக்கிறது. வாசித்தது எல்லோரும் ஒரே மாயாவியைத்தான்.

மீதியை மகன் அடுத்த நாள் பகல் வெளிச்சத்தில் தானே படித்து முடித்தான். முதல் பக்கத்தில் தன் பெயரையும் எழுதி, ஒன்று என்று நம்பரும் போட்டிருக்கிறான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. இப்போது இரண்டாம் நம்பர் போட இன்னொரு புத்தகம் கேட்கிறான். தபாலில் எடுத்தால் புத்தக விலையைவிட அனுப்பும் செலவு கூட. சென்னையிலிருந்து மட்டக்களப்புப் பக்கம் யாராவது வருவதாக இருந்தால் சொல்லுங்கள், காசு தந்துவிடுகிறேன்.