பத்து ஓநாய்களும் ஒரு மஞ்சள் குறியும்

அன்புள்ள அண்ணா,

உவர்மலையிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் ஐந்து பேர், பள்ளிக் காலத்திலிருந்து வேர்ல்ட் ஒஃப் வார்கிராஃப்ட் என்ற ஒன்லைன் கேம் விளையாடுகிறவர்கள். ஒருவன் கிண்ணியாவில், ஒருவன் டொரொண்டோவில், மற்றவர்கள் இங்கேதான். புதிதாக ஒன்லைன் ரோல்பிளே கேம் எது வந்தாலும் சேர்ந்து இறக்கிப் பார்ப்போம். டேட்டா முடிந்ததுதான் மிச்சம். இரண்டாம் நாளே அலுத்துவிடுகிறது. ஒரு கிராமம், தலைக்கு மேல் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு ஒரு கிழவர், "பத்து ஓநாயைக் கொன்றுவிட்டு வா". வார்கிராஃப்டைக் கொப்பியடிக்காமல் இனி யாராலும் கேம் செய்ய முடியாதா? இல்லை, எங்களுக்குத்தான் வயது போய்விட்டதா? அடுத்து எதற்கு மாறுவது என்று குழுவுக்குள் சண்டை வேறு.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

வயதெல்லாம் போகவில்லை. அவை உண்மையிலேயே அதே ஓநாய்கள்தான்.

ஆனால் வார்கிராஃப்டும் வானத்திலிருந்து குதித்ததில்லை. 2004 நவம்பரில் அது வந்தபோது, அதைச் செய்தவர்களில் பலர் 1999இல் வெளியான எவர்குவெஸ்ட் என்ற கேமில் ஊறிப்போனவர்கள். அடி வாங்க ஒருவர், காயம் ஆற்ற ஒருவர், அடிக்க மற்றவர்கள் என்ற பங்குபிரிப்பும், கூட்டமாகப் போய் ஒரு பூதத்தை வீழ்த்தும் ரெய்டும் அங்கேயே இருந்தன. எவர்குவெஸ்ட்டில் செத்தால் அனுபவப் புள்ளி குறையும். சாமான்கள் பிணத்தோடு கிடக்கும், வெறுங்கையோடு ஓடிப்போய் எடுக்க வேண்டும். வார்கிராஃப்ட் இந்த முட்களைப் பிடுங்கியது. தனியாளாகவே கடைசி லெவல் வரை போகலாம். அடுத்து எங்கே போவது என்று மஞ்சள் குறி காட்டிவிடும். 2010 அக்டோபரில் 1 கோடியே 20 இலட்சம் சந்தாதாரர்கள்.

வில்லங்கம் அந்த எண்ணிக்கையில்தான் தொடங்கியது. ஒருவர் மாதம் 15 டொலர் அளவில் கட்டினால் மொத்தம் எவ்வளவு என்று கணக்குப் பார்த்த முதலாளிகள் எல்லோருக்கும் அதேபோல ஒன்று வேண்டியிருந்தது. பெரிய முதல் போடுகிறவர் பரிசோதனைக்கு ஒத்துக்கொள்ள மாட்டார். 2008இல் வந்த வார்ஹாமர் ஒன்லைன் 2013இல் மூடப்பட்டது. 2011 டிசம்பரில் வந்த ஸ்டார் வார்ஸ் கேம், சந்தா நம்பி வந்தது, ஒரு வருடம் முடியும் முன்பே இலவசத்துக்கு இறங்கியது. வைல்ட்ஸ்டார் என்று ஒன்று, பழைய வார்கிராஃப்டின் 40 பேர் ரெய்டைத் திரும்பக் கொண்டுவருகிறோம் என்று 2014இல் வந்து 2018இல் போய்விட்டது. எனக்குப் பிடித்த கூத்து, ரிஃப்ட் என்ற கேமின் விளம்பரம். "நாங்கள் இப்போது அஸெரோத்தில் இல்லை" என்றார்கள். அஸெரோத் வார்கிராஃப்டின் உலகம். வேறு வீடு கட்டிவிட்டேன் என்று சொல்லவே பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தேவைப்பட்டது!

இவை எல்லாம் மோசமான கேம்கள் அல்ல. பல வருடமாகச் சரக்குச் சேர்த்த வார்கிராஃப்டோடு, முதல் நாள் சரக்கை வைத்துக்கொண்டு மோதினார்கள். ஆட்கள் இரண்டு மூன்று மாதத்தில் இருந்ததைத் தின்று முடித்துவிட்டு, கூட்டாளிகள் இருக்கும் பழைய வார்கிராஃப்ட் கில்டுக்கே, அதாவது குழுவுக்கே, திரும்பினார்கள்.

அப்படியானால் தப்பவே முடியாதா? முடியும் என்பதுதான் என் கட்சி. ஓநாய்க்குப் பதில் ரோபோ, வாளுக்குப் பதில் துவக்கு என்று மாற்றினால் போதாது. யாருக்கு யார் தேவை என்பதை மாற்ற வேண்டும்.

விண்வெளிக் கப்பல்களை ஓட்டும் ஈவ் ஒன்லைனைப் பாருங்கள். ஐஸ்லாந்துக்காரர்கள் 2003இல் விட்டது. வார்கிராஃப்டுக்கு முந்தியதுதானே என்பீர்கள். ஆனால் வார்கிராஃப்ட் உச்சத்தில் இருந்தபோதும் அது அந்தப் பக்கம் சாயவில்லை. கப்பல் உடைந்தால் உடைந்ததுதான், திரும்பி வராது. அதனால் புதுக் கப்பல் கட்டுகிறவன் தேவை, தாது தோண்டுகிறவன் தேவை, ஏற்றிக்கொண்டு வருகிறவன் தேவை. விளையாடுகிறவர்களில் வியாபாரிகள் முதலில் அந்தக் கேமில் உள்ள யூலாய் என்ற இடத்தில் கூடினார்கள். நிறுவனம் பாதைகளை மாற்றியதும் ஜிட்டாவுக்குப் பெயர்ந்தார்கள். இங்கே சந்தை வை என்று யாரும் சொல்லவில்லை. 2014 ஜனவரியில் ஒரு கூட்டணி தன் பகுதிக்கான கட்டணம் போகாமல் விட்டதில் வெடித்த சண்டையில் டைட்டன் எனப்படும் மிகப்பெரிய கப்பல்கள் 75 சாம்பலாயின. அதை எந்தக் கதாசிரியரும் எழுதவில்லை. மஞ்சள் குறியே தேவைப்படாத கேம் அப்படித்தான் இருக்கும்.

இதற்கு எதிராக ஒரு சாட்சி உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஃபைனல் ஃபேன்டஸி 14, 2010இல் வந்து படுதோல்வி. பழையதை மூடிவிட்டு, நவோகி யோஷிடா தலைமையில் 2013இல் திரும்ப வந்தபோது, வார்கிராஃப்டைப் பார்த்துப் படித்ததை அவர்கள் ஒளிக்கவில்லை. ஜெயித்தார்கள். ஆனால் அது ஒரே ஆள் எல்லாத் தொழிலையும் மாறி மாறிச் செய்யலாம் என்ற ஏற்பாட்டாலும், ஆற அமரச் சொன்ன கதையாலும் நிலைத்து நின்றது என்றுதான் நான் நினைக்கிறேன். 2019இல் வார்கிராஃப்டே தன் பழைய பதிப்பைத் தூசி தட்டி வெளியிட்டது. முதல்வனே தன்னைக் கொப்பியடிக்கிறான், மற்றவனை எப்படிக் குறை சொல்வது!

இன்னொன்று, நம்மைப் போல தூரத்தில் இருந்து விளையாடுகிறவர்களுக்கு மட்டும். பல புதுக் கேம்கள் குறிபார்த்து அடி, உருண்டு தப்பு என்று சண்டையை வேகப்படுத்தி வித்தியாசம் காட்டுகின்றன. கேம் ஓடும் கணினி, அதாவது சேர்வர், அமெரிக்காவில் என்றால் நாம் அழுத்தியது அங்கே போய்ச் சேர நேரமாகும், திருகோணமலையில் நீங்கள் உருள்வதற்கு முன்பே செத்திருப்பீர்கள். வார்கிராஃப்டில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே பெரும்பாலும் ஒன்றரை செக்கன். அந்த இடைவெளியில்தான் நாம் இத்தனை வருடம் பிழைத்தோம்.

குழுச் சண்டைக்கு என்னைக் கேட்டால், அல்பியன் ஒன்லைன். 2017இல் வந்தது, பிறகு போனுக்கும் வந்தது. என்ன உடுத்தியிருக்கிறீர்களோ அதுதான் உங்கள் தொழில். போடுகிற சாமானை எல்லாம் விளையாடுகிறவர்களே செய்கிறார்கள். ஆசிய சேர்வரும் உண்டு. கிண்ணியாக்காரர் போனிலேயே சேரலாம். டொரொண்டோக்காரருக்குத்தான் கொஞ்சம் இழுக்கும், அவர் ஒருமுறை அனுபவிக்கட்டும். ஆபத்தான பகுதியில் செத்தால் மேலில் இருப்பது எல்லாம் போய்விடும் என்பதை மட்டும் முதலிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். பிறகு எனக்குக் கடிதம் எழுதித் திட்டக் கூடாது.