அடுத்தவர் மனைக்குப் பொய்ப் பத்திரம்: தண்டனை என்ன, எங்கே முறையிடுவது?

கேள்வி: அப்பா 1998-இல் வாங்கிய மனை. 2015-இல் அவர் காலமானார். இப்போது வில்லங்கம் போட்டுப் பார்த்தால், எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் பெயருக்கு செட்டில்மென்ட் ஆகியிருக்கிறது. சம்பந்தப்பட்டவர்களுக்கு ஜெயில் கிடைக்குமா? பத்திரத்தைப் பதிவு அலுவலகத்திலேயே ரத்து செய்யலாமா?

பதில்: போலீசுக்குப் போகும் முன், சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டு அந்தப் பத்திரத்தின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். எழுதிக்கொடுத்தவர் யாராகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். தண்டனையே அதை வைத்துத்தான் மாறுகிறது.

உங்கள் அப்பா பெயரில் வேறொருவர் போட்டோவும் கைரேகையும் கொடுத்திருந்தால் அது ஆள்மாறாட்டம். பத்திரத் தேதி 2015-க்குப் பிந்தையதாக இருந்தால் இறப்புச் சான்றே பெரிய ஆதாரம். பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 338-ஆவது பிரிவின்படி, போலிப் பத்திரம் உருவாக்கியதற்கு ஆயுள் தண்டனை அல்லது 10 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். ஆள்மாறாட்டத்துக்கு அதே சட்டத்தின் 319-ஆவது பிரிவில் 5 ஆண்டு வரை. 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 82-ஆவது பிரிவில் 7 ஆண்டு வரை. தெரிந்தே உடந்தையாக இருந்த சாட்சிக்கும் இது பொருந்தும். பத்திரம் 1.7.2024-க்கு முன் பதிவாகியிருந்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான் (பிரிவுகள் 467, 419). புகாரில் பிரிவு மாறிவிடாமல் தேதியைப் பார்த்து எழுதுங்கள்.

எழுதிக்கொடுத்தவர் தன் சொந்தப் பெயரிலேயே, 'இது என் பூர்வீகச் சொத்து' என்று எழுதிக்கொடுத்திருந்தால் கதை வேறு. சொந்தப் பெயரில் கையெழுத்திட்டு, இல்லாத உரிமையைக் கோருவது மட்டும் போலி ஆவணம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்திருக்கிறது. 'சிவில் விவகாரம்' என்று பல புகார்கள் முடித்துவைக்கப்படுவது இந்த இடத்தில்தான். மனம் தளர வேண்டாம். நகலில் உரிமை வந்த விதம், முன் ஆவண எண், வாரிசுச் சான்று என்று எழுதியிருப்பதை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். அதில் ஒன்று போலியாக இருந்தாலும், அதை உண்மைபோல் பயன்படுத்தியது பாரதிய நியாய சன்ஹிதா 340-ஆவது பிரிவில் குற்றம். பணம் வாங்கிக்கொண்டு மனையை வேறு யாருக்காவது விற்றிருந்தால், ஏமாந்த அந்த நபர் 318(4)-இல் புகார் தரலாம். 7 ஆண்டு வரை சிறை.

ரத்து விஷயம்: மாவட்டப் பதிவாளரே ரத்து செய்ய வழிசெய்த, பதிவுச் சட்டத்தின் 77-ஏ பிரிவு தமிழ்நாட்டில் 2022-இல் வந்தது. அது செல்லாது என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே சிவில் கோர்ட்தான். உங்கள் குடும்பத்தார் அந்தப் பத்திரத்தில் கையெழுத்திடாததால், 'எங்களைக் கட்டுப்படுத்தாது' என்று விளம்புகை (கோர்ட்டின் அறிவிப்பு) கேளுங்கள். உறுத்துக்கட்டளையும் (தடை உத்தரவு) சேர்த்துக் கேளுங்கள். தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுதான் கெடு. இப்போது எடுத்த வில்லங்கச் சான்றைப் பத்திரப்படுத்துங்கள். தெரியவந்த நாளைக் காட்ட அது உதவும். பட்டா மாற்றம் நடந்துவிடாமல் இன்றே தாசில்தாரிடம் ஆட்சேப மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

கேள்வி: பொய் என்று தெரிந்தே என் வீட்டுக்கு உரிமை கேட்டு ஒருவர் வழக்குப் போட்டிருக்கிறார். அவர் மேல் போலீசில் புகார் தரலாமா?

பதில்: முடியாது. கோர்ட்டில் பொய்க் கோரிக்கை வைப்பது பாரதிய நியாய சன்ஹிதா 246-ஆவது பிரிவில் குற்றம்தான். 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ஆனால் புகார் தர வேண்டியது அந்த நீதிமன்றமே. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 379-இன்கீழ் அங்கேயே மனு போடுங்கள். அவர் வழக்கில் தோற்றால் மட்டும் போதாது, பொய் என்று தெரிந்தே கேட்டார் என்பது நிரூபணமாக வேண்டும். சிவில் நடைமுறைச் சட்டம் 35-ஏ-யில் ஈட்டுச் செலவும் (பொய் வழக்குக்கான இழப்பீட்டுத் தொகை) கேட்கலாம். அதன் உச்சவரம்பு வெறும் 3,000 ரூபாய். அதுவும் ஆட்சேபத்தை ஆரம்பத்திலேயே எழுப்பியிருந்தால்தான் கிடைக்கும். கோர்ட்டில் நீங்கள் தாக்கல் செய்யும் எதிருரையிலேயே (பதில் மனு) எழுதிவிடும்படி வக்கீலிடம் சொல்லுங்கள்.