ஆக்சிஜன் அரிதான குடலில் நாக்குப்பூச்சி எப்படி வாழ்கிறது?

நாக்குப்பூச்சியின், அதாவது அஸ்காரிஸின், முட்டை மண்ணில் கிடக்கும்போது ஆக்சிஜன் இல்லாமல் வளராது. அதற்குள் உருவாகும் லார்வாவின் மைட்டோகாண்ட்ரியா, அதாவது செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பு, நம்முடையதைப் போலத்தான், சக்சினேட் என்ற சேர்மத்தை ஃபியூமரேட் என்ற சேர்மமாக மாற்றும். சரி, வளர்ந்த புழு? அது இருப்பது சிறுகுடலில். அங்கே வேலை தலைகீழ்: ஃபியூமரேட் ரிடக்டேஸ் என்ற நொதி ஃபியூமரேட்டைச் சக்சினேட்டாக்குகிறது. ஆக்சிஜன் வாங்க வேண்டிய எலக்ட்ரான்களை ஃபியூமரேட் வாங்கிக்கொள்கிறது.

லார்வாவில் இருந்த பழைய நொதியே திரும்பி ஓடுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டும் ஒரே குடும்பம்தான், ஆனால் நொதி சேர்ந்து உருவாகும் துண்டுகளான துணையலகுகள் சில வேறு. எலக்ட்ரானைச் சுமக்கும் மூலக்கூறும் மாறுகிறது: யுபிகுவினோன் போய் ரோடோகுவினோன் வருகிறது.

இந்த வித்தியாசம்தான் மருந்துக்கு வழி. பயிரில் பூஞ்சைக்கு அடிக்கும் ஃப்ளுட்டோலனில் (flutolanil) என்ற மருந்து, ஆய்வகத்தில் பன்றி அஸ்காரிஸின் நொதியை முடக்குகிறது; பாலூட்டிகளின் நொதியை அவ்வளவாகத் தொடுவதில்லை.