இறக்குமதிச் சரக்குக்குச் சுங்க ஏஜென்ட் எச்.எஸ். கோடை (சரக்கின் வகையைக் காட்டும் எண்ணை; வரி இதைப் பொறுத்தது) தவறாகப் போட்டால் சுங்கவரி பாக்கியை யார் கட்டுவது?

நீங்கள்தான். இந்தியாவில் 2011 முதல் சுய மதிப்பீட்டு முறை; வரியை இறக்குமதியாளரே கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். பில் ஆஃப் என்ட்ரியில் (சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவத்தில்) இருப்பதெல்லாம் இறக்குமதியாளர் சொன்னதாகவே கொள்ளப்படும்.

நீங்கள் இறக்குமதி செய்த பம்பு ரப்பர் வாஷரையே எடுங்கள். பம்புக்குப் போகிறதே என்று ஏஜென்ட் அதை 8413-இல், பம்பு பாகமாகப் போட்டிருக்கிறார். சாதாரண வல்கனைஸ்டு ரப்பர் (பதப்படுத்தி உறுதியாக்கிய, ஆனால் கெட்டி ரப்பர் அல்லாத ரப்பர்) என்றால் அது 4016. ‘எல்லாரும் இப்படித்தான் எடுக்கிறாங்க’ என்ற பேச்சு ஆடிட்டில் எடுபடாது.

சரக்கு வெளியே வந்துவிட்டாலும், சுங்கச் சட்டம் 28-ஆம் பிரிவின்படி 2 ஆண்டுகள் வரை நோட்டீஸ் வரலாம். வேண்டுமென்றே மறைத்ததாகக் கருதினால் 5 ஆண்டுகள். சாதாரணத் தவறுதான் என்றால், நோட்டீசுக்கு முன்பே குறைவாகக் கட்டியதில் மீதியுள்ள வரியை வட்டியோடு கட்டிவிடுங்கள், அபராதம் இல்லை. அடுத்த முறை, ஏஜென்ட் அனுப்பும் செக்லிஸ்ட்டை (தாக்கலுக்கு முந்தைய வரைவை) வரிவரியாகப் படித்த பிறகே ஓகே சொல்லுங்கள்.