ஹட்டன் தங்கச்சிக்கு: சங்கீதமா, வர்த்தகமா?

தங்கச்சி, பதினோராம் ஆண்டு சாதாரண தரப் பரீட்சையில் சங்கீதத்துக்கு ஏ எடுத்தும், "பாட்டு சோறு போடாது, வர்த்தகம் படி" என்று அப்பா நிற்பதாக எழுதியிருக்கிறீங்க. அப்பாவின் பயம் நியாயமானது. தேயிலைக் கொழுந்துச் சம்பளத்தில் பிள்ளையைப் படிக்க வைப்பவர் வேறெப்படி யோசிப்பார்?

ஆனால் கர்நாடக சங்கீதம் அடுத்த கட்டமான உயர்தரக் கலைப்பிரிவில் முழுப் பாடம் என்பது அவருக்குத் தெரியுமா? தமிழ், புவியியலோடு சேர்த்து எடுக்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்பு சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் இசையில் பட்டமே படிக்கலாம். அதன் பிறகு ஆசிரியர் தொழில் இருக்கிறது. நானும் நுவரெலியாப் பக்கம் சங்கீத டீச்சர்தான். அதை அப்பாவிடம் பொறுமையாகச் சொல்லுங்க.

அப்படியும் வர்த்தகம்தான் என்றால் பாட்டை விடாதீங்க. வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகளைத் தரம் தரமாக எழுதலாம், எந்தப் பிரிவில் படித்தாலும். நான் உயர்தரம் படித்தபோது இரண்டு வருசம் முழுசாக நிறுத்திவிட்டேன். குரல் திரும்பிவர அதைவிட அதிக காலம் பிடித்தது; இன்னும் அந்த வருத்தம் இருக்கு.

தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டி இருக்கிற வரிசை வீடுகளில், சத்தம் கேட்குமென்று கூச்சமா? பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, ஆட்கள் போனபிறகு அரைமணி நேரம், ஆரம்ப சுரப் பயிற்சியான சரளி வரிசை மட்டும் போதும். குளிரில் சுடுதண்ணி குடித்துவிட்டுத் தொடங்குங்க. அப்பா என்ன சொன்னார் என்று எழுதுங்க.